குடிக்காதவரின் ஈரல்

பதுளைக் கடைவீதியில் முதலாளி என்றால் தொப்பை இருக்க வேண்டும். ஒல்லியாக ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் கடை நொடிக்கிறது என்று ஊர் பேசிவிடும். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கவலை எந்நாளும் இருந்ததில்லை. அறுபதுகளின் நடுவில் நான் பண்டாரவளையிலிருந்து கல்யாணமாகி வந்தபோதே அவர் குனிந்து செருப்பு மாட்ட மூச்சு வாங்குகிற உடம்போடுதான் இருந்தார். எனக்கு அதில் பெருமைதான். ஒல்லி மாப்பிள்ளைகளைக் கட்டிய அக்காமார்களை நான் விட்டுவைக்கவில்லை. "உங்க வீட்டுல சோறு போடுறதில்லையா?" என்று கேட்டுக் கேட்டு அழ வைத்திருக்கிறேன்.

எங்களுடையது நாட்டு மருந்துக் கடை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். சுக்கு, திப்பிலி, கடுக்காய் என்று இந்தியச் சரக்கு ஒரு பக்கம். ஊவா மலைக் கிராமங்களிலிருந்து சிங்கள ஆட்கள் கட்டிக்கொண்டு வந்து போடும் ரணவராப் பூ, பொல்பலா, இரமுசு வேர் மறு பக்கம். தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு எங்கள் கடை பாதி ஆஸ்பத்திரி. இடுப்பு வலி, வாய்ப்புண், மூத்திரக் கடுப்பு, பிள்ளை பெற்ற உடம்பு, எல்லாவற்றுக்கும் எங்கள் கடையில் ஒரு பொட்டலம் இருந்தது. கடைக்குப் பின்னாலேயே வீடு. இடையில் ஒரு கதவும் அதில் ஒரு திரையும். வீட்டுப் பெண்கள் திரைக்கு அந்தப் பக்கம் போவதில்லை.

சீனி கிடைக்காமல் சனங்கள் வரிசையில் நின்ற காலம் அது, எழுபதுகளின் முற்பகுதி. அப்போதுதான் அவர் வலது விலாவுக்குக் கீழே என்னவோ கனக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். சாப்பிட்டதும் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார். நான் வற்புறுத்தி, கடைவீதிக்கு மேலே டிஸ்பென்சரி வைத்திருந்த யாழ்ப்பாணத்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் அவரைப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே விரல்களை விட்டு அழுத்திப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஈரல் வீங்கியிருக்கு. எவ்வளவு காலமாக் குடிக்கிறியள்?"

என் வீட்டுக்காரர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டார். செருப்பைக் காலில் மாட்டினார். வெளியே போய்விட்டார். நான் நின்று, அவர் சாராயப் போத்தலைக் கையால் தொட்டதுகூட இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எல்லாப் பெண்டாட்டிகளும் இதைத்தான் சொல்வார்கள் என்கிற சிரிப்பு. எனக்கு ஆத்திரம் உச்சந்தலை வரை ஏறியது. ஆனாலும் அது டிஸ்பென்சரி, வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி அவரை ஏன் அப்படிச் சுட்டது என்பதைச் சொல்ல வேண்டும். என் மாமனார் ஐம்பதைத் தொடாமலே போனவர். நல்ல பருத்த உடம்பு. கடைசியில் வயிற்றில் நீர் கோத்து, கண்ணும் தோலும் மஞ்சளாகிச் செத்தார். அவரும் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. ஆனால் மலைநாட்டில் ஈரல் கெட்டுச் செத்தவன் என்றால் குடிகாரன்தான், வேறு பேச்சே கிடையாது. "வீட்டுக்குள்ள வச்சுக் குடிச்சிருக்காரு" என்று சுடுகாட்டிலேயே பேசியிருக்கிறார்கள். அதைக் காதால் கேட்டுக்கொண்டு கொள்ளி வைத்தவர் என் வீட்டுக்காரர். என் மாமியார் அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை.

டிஸ்பென்சரிக்குப் போய்வந்த அன்று அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு என்னிடம் சொன்னார்: "ஈரல்னு வாயத் தொறந்தா ஊரு குடிகாரன்னுதான் சொல்லும். எங்கப்பாவுக்குக் குடுத்த பேரு போதும். எனக்கு அது வேணாம். செத்தாலும் வேணாம்."

அவருக்கும் ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் "செத்தாலும்" என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. பேருக்காகச் சாகிற ஆள்தான் அவர் என்பது எனக்குத் தெரியும். எனக்கோ அவர் உயிரோடு வேண்டும், ஊர் என்ன பேர் வைத்துக் கூப்பிட்டாலும் சரி.

டாக்டர் எதற்கு, கடை நிறைய மருந்து இருக்கிறதே என்றார். சரி என்று நானும் இறங்கினேன். காலையில் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். கீழாநெல்லியை நான் பழிக்க மாட்டேன், அது எனக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை. சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். வடை, பஜ்ஜி எல்லாவற்றையும் நிறுத்தினேன். மாமியார்கூட மகன் தட்டைப் பார்த்துக் கண் கலங்கினாரே தவிர, ஒரு அகப்பை அதிகம் போடவில்லை. இவ்வளவும் செய்து என்ன பலன்? மனிதர் பெருத்துக்கொண்டே போனார். தையற்காரர் சட்டைக்கு அளவெடுத்துவிட்டு, பழைய அளவைத் தப்பாகக் குறித்திருக்கிறேன் போல என்று தன்னையே நொந்துகொண்டார். வீட்டில் தின்னாத சோறு எங்கே போய்ச் சேருகிறது என்று எனக்குத் தலை வெடித்தது. எனக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது.

தோட்டங்களில் சம்பளம் போட்ட ஞாயிறு வந்தது. அன்று கடையில் நிற்க இடம் இருக்காது. அவர் வீட்டுக்குள் வந்து சாப்பிட முடியாது. சாப்பாட்டைக் கடையாட்களில் ஒருவர் எடுத்துப் போவார். அன்று யாருக்கும் கை ஒழியாததால் நானே எடுத்துக்கொண்டு திரைவரை போனேன். கூப்பிடுவதற்கு முன் கொஞ்சம் நின்று பார்த்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க வருகிறவருக்கு மருந்தைக் காய்ச்சிக் காட்ட வேண்டும். முதலாளி முதலில் குடித்துக் காட்ட வேண்டும். முதலாளி வயிற்றுக்குள் போனால்தான் சரக்கு நல்ல சரக்கு. என் மாமனார் காலத்து வழக்கம் அது, எனக்கும் தெரிந்ததுதான். ஒரு வாய் நனைப்பார் என்று நினைத்திருந்தேன். என் கண் முன்னால் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்திக்குப் பொல்பலாக் கஷாயம் ஊற்றினார். தனக்கும் அதே அளவு ஊற்றினார். கசப்புக்கு ஈடாக இருவர் உள்ளங்கையிலும் கித்துள் மரத்துக் கருப்பட்டி வைத்தார். சீனி இல்லாத அந்த நாட்களில் பால் சேர்க்காத வெறுந்தேத்தண்ணீருக்கே எல்லோரும் உள்ளங்கையில் கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டுதான் குடிப்போம். தேத்தண்ணீருக்கு ஒரு துணுக்கு போதும். கஷாயத்துக்கு வைத்ததோ எலுமிச்சங்காய் அளவு. அவள் போனாள். அடுத்தவருக்கு ரணவரா. மறுபடி ஒரு கோப்பை, மறுபடி ஒரு கட்டி. அடுத்தவருக்கு வேறொன்று. கூட்டம் குறையவே இல்லை. நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் சாப்பாட்டுக் கேரியரோடு அங்கேயே சாய்ந்திருப்பேன்.

கடை சாத்தியதும் பிடித்துக்கொண்டேன். அவருக்குத் தன் மேல் தப்பு என்றே தோன்றவில்லை. சனங்கள் கசப்பைக் குடிக்கும்போது தான் பார்த்துக்கொண்டு நின்றால் அது வியாபாரமா என்றார். மருந்துதானே குடிக்கிறேன், ஈரலுக்கும் அது நல்லதுதானே என்றார். கருப்பட்டி? அதுவும் மரத்திலிருந்து இறங்குகிற பொருள்தானே, என்ன செய்துவிடும் என்றார்.

"எட்டியும் மரத்துலதாங்க காய்க்குது," என்றேன்.

சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி வழிக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். கருப்பட்டியைத் தொடுவதில்லை என்று மாமியார் முன்னால் எனக்குச் சத்தியம் செய்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். ஆனால் வெறுமனே ஒன்றை விட்டுவிட்டுச் சும்மா இருக்க வியாபாரிக்குக் கை வராது. ஒன்றைக் கழித்தால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து ரயிலேறி வந்த ஒரு சரக்குக்காரர் "உடம்பு இளைக்கும் சூரணம்" என்று ஒரு பெட்டி போத்தல்களை இறக்கினார். லேபிளில் ஒரு குண்டு மனிதரும் ஒரு ஒல்லியும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். முழுக்க முழுக்க மூலிகை என்று எழுதியிருந்தது. எந்த மூலிகை என்று எழுதவில்லை. தான் சாப்பிட்டுப் பார்க்காத சரக்கை அவர் கடை அலமாரியில் வைக்க மாட்டார், அந்த நேர்மை அவரிடம் எப்போதும் உண்டு. அதனால் தானே சாப்பிட்டார். தன் உடம்பு பெரிய உடம்பு என்று அளவையும் கூட்டிக்கொண்டார்.

இளைத்தார். நான் மறுக்கவில்லை, நன்றாகவே இளைத்தார். கடைவீதியே மூக்கில் விரல் வைத்தது. எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. உடம்பு குறைந்தவர் முகம் தெளிய வேண்டாமா? இவருக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டியது. உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் பின்முற்றத்தில் மணை போட்டு உட்கார்ந்தார். மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து மகனின் முகத்தை வெயிலுக்கு நிமிர்த்தினார். அப்படியே நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. மாமியார் அந்த மஞ்சளை ஏற்கனவே ஒரு முறை பார்த்தவர். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

நான் அழவில்லை. எனக்கு அப்போது பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் இருந்தது. பிரம்புக் கூடையை எடுத்தேன். சூரணப் போத்தல், ரணவரா, பொல்பலா, மிச்சமிருந்த கீழாநெல்லிக் கட்டு, கடையிலிருந்த ஒரு கருப்பட்டிக் கட்டி, அவர் வாய்க்குள் போன அத்தனையையும் அதில் போட்டேன். டாக்டரிடம் போகலாம் என்றேன். வர மாட்டேன் என்றார். மஞ்சள் கண்ணோடு அந்தப் படியேறினால் ஊர் பார்க்கும் என்றார்.

"நீங்க வரலைன்னா இந்தக் கூடையோட நான் கடைவீதியில நடந்து போறேன். யாரு கேட்டாலும் நின்னு பதில் சொல்லிட்டுத்தான் போவேன்."

செய்வேன் என்று அவருக்குத் தெரியும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்சந்து வழியாக வந்தார்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கூடையை அவர் மேசையில் கவிழ்த்துவிட்டேன். "இவரு குடிக்கிறது இதெல்லாந்தாங்க. இதுல எது சாராயம்னு நீங்களே காட்டுங்க."

அந்த மனிதரைப் பற்றி இதையும் சொல்ல வேண்டும்: அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். எதை எவ்வளவு, எத்தனை காலமாக என்று கேட்டார். கருப்பட்டிக் கதையை இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். சூரணப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியவில்லை என்றார். விற்றவருக்காவது தெரியுமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன இருக்கெண்டு தெரியாத சாமானை ஈரலுக்குக் குடுக்கக்கூடாது," என்றார் டாக்டர். "உள்ள போறதெல்லாம் அதுக்குள்ளாலதான் போக வேணும். இலையெண்டாலும் சரி, வேரெண்டாலும் சரி." பிறகு என் பக்கம் திரும்பினார். "குடிக்காத ஆக்களுக்கும் உடம்பு பெருத்தால் ஈரலில கொழுப்பு ஏறும், அம்மா. அண்டைக்கு நான் அதைத்தான் சொல்லியிருக்க வேணும். கேட்ட கேள்வி பிழை."

படித்தவர் ஒருவர் என்னிடம் பிழை என்று ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. என் ஆத்திரம் அப்படியே இறங்கிவிட்டது. இறங்கியதும்தான் பயம் வந்தது. பிழைப்பாரா என்று கேட்டேன். எல்லாவற்றையும் நிறுத்தினால் மஞ்சள் இறங்கும் என்று நினைக்கிறேன், சூரணத்தை மட்டுமல்ல, எல்லாவற்றையும், என்றார். கொழுப்புக்குத் தன்னிடம் மாத்திரை இல்லை என்றும் சொன்னார். வாயைக் கட்ட வேண்டும், நடக்க வேண்டும், அவசரப்படக்கூடாது, அவ்வளவுதான்.

சூரணத்தைச் சாம்பல் குழியில் கொட்டினோம். ஒரு போத்தல்கூட விற்கவில்லை. மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. அவருக்குத் தெம்பு வந்ததும் காலையில் ரயிலடி வரை நடக்க வைத்தேன். தனியாக அனுப்பினால் வழியில் தோசைக் கடை இருக்கிறது, ஆகவே நானும் கூடவே போனேன். பெண்டாட்டியோடு வீதியில் நடக்கிற முதலாளியைப் பதுளை அதுவரை பார்த்ததில்லை, பார்த்துப் பழகிக்கொண்டது. தட்டில் சோறு குறைந்து கீரையும் பருப்பும் கூடின. மாதங்கள் போக வீக்கம் வற்றி, டாக்டர் அழுத்தும்போது விரல்கள் ஈரலைத் தேட ஆரம்பித்தன. அவர் தேடத் தேட எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கும்.

ஆனால் ஒன்று மிச்சமிருந்தது. ஊருக்கு நாங்கள் வெறும் காமாலை என்றுதான் சொல்லியிருந்தோம். உடம்பு சரியில்லை என்று சொல்லி அவர் சம்பள ஞாயிறுகளில் கல்லாப் பக்கம் போகாமல் நழுவிக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு நழுவ முடியும்? அங்கே உட்கார்ந்தால் குடித்துக் காட்ட வேண்டும். குடிக்காவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லவும் மாட்டார், கடையை விடவும் மாட்டார். ஒருநாள் கோப்பையைக் கையில் எடுத்துவிடுவார், பிறகு எல்லாம் பழையபடிதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கு மட்டும் என்னிடம் வழி இல்லை. வாயைக் கட்டலாம், காலை நடக்கவைக்கலாம், மானத்தை நான் என்ன செய்ய?

ஒரு சம்பள ஞாயிறு கூட்டம் தாங்காமல் அவரே போய் உட்கார்ந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். மாமியாரும் வந்து என் பக்கத்தில் நின்றார். லுணுகலைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் தன் புருஷனைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். அவனுக்குக் கண் மஞ்சள், வயிறு முன்னால் தள்ளியிருந்தது. மொதலாளிக்குக் காமாலை எறங்கி உடம்பும் எளைச்சிருச்சே, அந்த மருந்தையே எங்களுக்கும் குடுங்க என்று கேட்டாள். கடையாள் வழக்கம்போல் இரண்டு கோப்பைகளில் கஷாயம் ஊற்றி வைத்தார். அவள் ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க மொதல்ல குடிங்க மொதலாளி."

கடை நிறைய ஆட்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கோப்பையைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தார்.

"நான் குடிக்கக் கூடாதும்மா. எனக்கு ஈரல் கெட்டுப் போச்சு," என்றார். வாசல் வரை கேட்கிற குரலில்தான் சொன்னார். "சாராயம் குடிச்சுக் கெடல. தின்னு தின்னு கெடுத்தேன். தெரியாத சூரணத்த வாயில போட்டு மிச்சத்தையும் கெடுத்தேன். எங்கப்பாவுக்கும் இதே ஈரல்தான் போச்சு. அவரும் குடிச்சதில்ல. நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, இந்தக் கண்ணுக்கு என்னிடம் பொட்டலம் இல்லை, மேலே டாக்டரிடம் உடனே கூட்டிப் போ என்றார். அவள் தயங்கினாள். அங்கே போனால் என்ன கேட்பார்கள் என்று அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது. "ஒம் புருசன் குடிக்கிறாரா இல்லையான்னு நான் கேக்க மாட்டேன். டாக்டர் கேட்டா உள்ளதச் சொல்லு. வெக்கப்படாத. ஆளு பொழைக்கணும்," என்றார். எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையை மூடாமல், கடைவீதி வழியாகவே அவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிழைத்துவிட்டார் என்று மாமியாரிடம் சொல்லத் திரும்பினேன். அவர் திரையை இறுகப் பிடித்தபடி, மகன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒன் மாமனாரையும் இப்பிடிக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்," என்றார். "டாக்டர்கிட்ட போனா பேரு கெட்டுரும்னு நாந்தான் கடைசி வரைக்கும் வீட்டுக்குள்ளயே வச்சிருந்தேன்."

அதுவரை அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.